கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு சீட்டு

எல்லாச் சாமான்களுக்கும் பெயர்ச் சீட்டு எழுதியாகிவிட்டது. குழல்வாய் மூடி, எண்ணெய் டப்பா, சுத்தம் செய்யும் சங்கிலி, சேறு படாமல் காக்கும் தகரக் கூடு. மிஞ்சியது ஒன்றுதான்: பித்தளைச் சட்டத்தில் சாய்வாகப் பதித்த கறுப்புக் கண்ணாடி, அடியில் ஒரு கவ்வி. அது மட்டும் பிரீடரிக்கேவுக்குப் பிடிபடவில்லை.

துரிங்கியா மாநிலத்தின் அந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் துணைச் சாமான்களைக் கொடுத்த ஃபோய்ட், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "'இன்னதென்று தெரியவில்லை'ன்னு ஒரு சீட்டு இருந்தாக்கூட, மொத்தத்தையும் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவேன்."

நாளைக் காலை திறப்பு. அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கண்காட்சி.

அதனால்தான் ஊரின் இரண்டு துப்பாக்கிச் சேகரிப்பாளர்களையும் ஒரே அறைக்கு வரவழைக்கும் மடத்தனத்தைச் செய்தாள். ஹார்ட்மூட் ஓர்ட்லெப்பும் கீஸவெட்டரும் ஒரே கிளப்பில் சுடக் கற்றவர்கள். ஒரு ஏலத்தில் முட்டிக்கொண்ட பிறகு, அதுவரை 'நீ' என்று பேசியவர்கள் 'நீங்கள்' என்று மாறி, பெயருக்கு முன் 'ஹெர்' என்று மரியாதையும் சேர்த்துவிட்டார்கள். அந்த ஊரில் பழைய நண்பனை அப்படிக் கூப்பிடுவதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

"வெயில் கண்ணாடிங்க இது," என்றார் ஓர்ட்லெப். "சூரியன் எதிர்ல இருந்தா கண்ணு கூசாது."

"அப்படீங்களா, ஹெர் ஓர்ட்லெப்? அப்புறம் எதுக்குச் சாய்வா வெச்சான்? சூரியனுக்குக் கும்பிடு போடவா? பதுங்குகுழியில தலையை நீட்டாம சுடுவாங்களே, அந்தக் கருவியோட உடைஞ்ச துண்டு இது."

"எங்க உடைஞ்சிருக்கு, காட்டுங்க ஹெர் கீஸவெட்டர். உங்க மூக்குக்கண்ணாடியில இருக்கும்."

அவள் கொடுத்த பிளம் கேக் தீர்ந்தது. வாதம் தீரவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் ஜன்னலைப் பார்த்தார்.

"போதும்!" என்றாள் பிரீடரிக்கே. தன் குரல் தனக்கே அதிகமாகப் பட்டது. "துப்பாக்கியில மாட்டிப் பாத்துடலாம்."

குழல் அடைக்கப்பட்ட பழைய மௌசர் துப்பாக்கியில், கண் வைத்துப் பார்க்கும் பின்குறிக்குப் பின்னால் கவ்வி கச்சிதமாக உட்கார்ந்தது. ஓர்ட்லெப் மேசைமேல் முழங்கையை ஊன்றி, எதிர்ச் சுவரின் தீயணைப்புக் குப்பியைக் குறிவைத்தார். "எல்லாம் மங்கலாத் தெரியுது. நான்தான் சொன்னேனே, வெயில் கண்ணாடி."

கவ்வியில் உடைசல் தேட, கீஸவெட்டர் முணுமுணுத்தபடி பக்கவாட்டில் குனிந்தார். அப்படியே நின்றார்.

"டேய் ஹார்ட்மூட், மறுபடியும் குறியைக் கீழ இறக்கறடா! சின்ன வயசுலேருந்து இதே கோளாறு உனக்கு!"

"நான் எங்கடா இறக்கறேன்? பக்கத்துல நிக்கற உனக்கு எப்படிடா தெரியும்?"

"கண்ணாடியில தெரியுதே! முன்குறி, குப்பி, எல்லாம்!"

பிரீடரிக்கேவுக்குப் பிடிபட்டுவிட்டது. புதுச் சிப்பாய் எங்கே குறிவைக்கிறான் என்று பயிற்சியாளர் பக்கத்திலிருந்தே பார்க்கும் கண்ணாடி. தனியாகப் பார்த்தால் ஒருநாளும் விளங்காது. தங்களை அறியாமல் 'டா' போட்டுக்கொண்ட இருவருக்கும் காது சிவந்திருந்தது; அது கண்ணாடியால் இல்லை.

"அப்போ இதுக்கு என்ன பேர் எழுத?" என்று கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

"குறிச்சோதனைப்பக்கக்கண்ணாடி," என்றார் ஓர்ட்லெப்.

"போடா! பயிற்சிக்குறிப்பிரதிபலிப்பான்!"

"உன் தலை!"

'குறி சரிபார்க்கும் கண்ணாடி' என்று எழுதிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள் பிரீடரிக்கே. அவர்கள் கவனிக்கவே இல்லை.