‘ஒன்பதாம் சந்திர’னின் கடைசிப் பாகம்

“மகத்தான கலை எதுவும் முடிவடைவதில்லை, அது மானுடத்தின் முன் ஒரு வாயிலைத் திறந்துவைத்துவிட்டு மௌனமாகிறது.” யோகராசா இந்த வரியை எழுதிய அன்று உழவு இயந்திரத்தின் பற்றரி இறங்கியிருந்தது.

படுவான்கரையில் அவருடைய ஊருக்கு ஒருகாலத்தில் மின்சாரம் வந்தது. சண்டை தொடங்கியதும் போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் வினாயகமூர்த்தியின் உழவு இயந்திரத்திலிருந்து பற்றரியைக் கழற்றித் தொலைக்காட்சியில் கொழுவி, ‘ஒன்பதாம் சந்திரன்’ என்ற ஆங்கில விண்வெளித் தொடரைப் பார்ப்பார்கள். எதிரியின் கப்பல் வெடிக்கப்போகும் தறுவாயில் படம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்துவிடும். பற்றரி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு மிஞ்சியிருப்பது பெயர்ப்பட்டியலும் சவர்க்கார விளம்பரமும் மட்டுமே என்பது யோகராசாவின் முடிபு. அந்த முடிபின்மேல் ஒரு தத்துவத்தைக் கட்டி, அதற்கு ‘முடிவின்மைக் கோட்பாடு’ என்று பெயரும் வைத்தார். அறுவடை முடிந்து இயந்திரம் வட்டை வயலுக்குப் போகாமல் பற்றரி ஏறாத மாதங்களில் படம் இன்னும் முந்தியே அணைந்தது. “இயக்குநர் இப்போது மேலும் சிக்கனமாகிவிட்டார்” என்று எழுதினார்.

எழுதியது, அவரும் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் பாறூக்கும் சேர்ந்து கையால் சுற்றும் றோணியோவில் அடித்த சஞ்சிகையில். பாறூக் சித்திரக்கதைப் பிரியர். தொடருக்கு மூலமான சித்திரக்கதையைத் தொலைக்காட்சிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று இதழுக்கு இதழ் புலம்புவார். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதில்லை. அதனால் சஞ்சிகை சச்சரவில்லாமல் நடந்தது.

கோட்பாடு எப்படியோ கொழும்பு வாரப்பத்திரிகை ஒன்றின் கண்ணில் பட்டது. கடைசிப் பாகத்துக்கு விமரிசனம் எழுதித் தாருங்கள், பிடித்தால் வாராவாரம் ஒரு பத்தி உங்களுக்குத்தான் என்றார்கள். யோகராசா கூட்டுறவுக் கடை மனேஜர். நிவாரண மாவையும் சீனியையும் நிறுத்து நிறுத்து மனிதன் அலுத்துப்போயிருந்தார். இனித் தனக்கு நடக்கக்கூடிய நல்ல காரியம் அந்தப் பத்தி ஒன்றுதான் என்பது அவர் கணிப்பு. கட்டுரையை உடனே எழுதி முடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாகத்தைப் பார்ப்பது மட்டுமே பாக்கி.

அந்தக் கிழமை பார்த்து இராணுவச் சாவடியில் டீசலை மறித்துவிட்டார்கள். இயந்திரம் ஓடவில்லை; பற்றரி செத்துக் கிடந்தது. ஆகவே மண்முனைத்துறையில், பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, மின்சாரம் இருக்கும் காத்தான்குடிக்குப் புறப்பட்டார். இக்கரைச் சாவடியில் சிப்பாய் பையைத் திறந்தான். சஞ்சிகை அட்டையில் விண்கலம்.

“இது என்ன, றொக்கட்?”

“கதை, மாத்தயா. சந்திரனுக்குப் போற கதை.”

“யாரு செஞ்சது?”

“ஒருத்தரும் செய்யல்ல மாத்தயா. படம் கீறினதுதான்.”

கீறினதற்காக வெயிலில் நிற்கவைத்தார்கள்.

“வாங்க மச்சான், என்ன இப்பிடிக் கறுத்துப்போய் வாறீங்க?” என்றார் பாறூக்.

“றொக்கட் விட்ட குற்றம்.”

பாறூக்கின் மனைவி றஸீனா தேத்தண்ணி கொண்டுவந்தாள். “இண்டைக்கிக் கடைசியாம் அண்ணன். கிழமைக்குக் கிழமை முடியக்குள்ள அந்தத் தாடிக் கப்டன் எல்லாத்தையும் விளங்கப்படுத்திப்போட்டு, தகரக் குரங்கோட சேந்து சிரிப்பானே. இண்டைக்கி எவ்வளவு நேரம் சிரிக்கப்போறானோ.”

யோகராசாவின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. “கிழமைக்குக் கிழமையா?”

“ஓம், சில கிழமை பாட்டும் படிப்பானுகள்.”

“சித்திரக்கதையில ஒரு சிரிப்பு இல்ல மச்சான்,” என்றார் பாறூக். “அதைத்தானே நான் வருசக்கணக்காக் கத்துறன்.”

சட்டைப்பைக்குள் கட்டுரை கனத்தது. இதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதலாம். ஆனால் இன்னொரு தத்துவம் கட்ட அவர் உடம்பில் தெம்பில்லை. பார்த்துவிட்டு மறைத்தால் பொய். பார்க்காமலே இருந்துவிட்டால் அது வெறும் அறியாமை. விமரிசகனுக்கு அறியாமை மன்னிக்கப்பட்டே வந்திருக்கிறது.

தொடர் தொடங்கியது. எதிரியின் கப்பல் சிவப்பாக மின்னியபோது யோகராசா எழுந்தார்.

“என்ன மச்சான், நல்ல கட்டத்தில?”

“வயிறு.”

வளவுக்குள் கக்கூஸ் வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. தாடிக் கப்டன் விளங்கப்படுத்தும் குரல் சுவரால் வந்தது. யோகராசா இரண்டு காதையும் பொத்தினார். பிறகு வீடே சேர்ந்து சிரித்தது; அதுவும் கேட்டது.

வெளியே வந்தபோது றஸீனா ஓமத்தண்ணியோடு நின்றாள். “ஒரே மடக்கில குடிங்க அண்ணன். துறையில கண்டதையும் தின்னப்படாது.”

“பாவம்,” என்றார் பாறூக். “தகரக் குரங்குக்கு அரசாங்கம் குடுத்திட்டானுகள். நீங்க காணல்ல. சொல்லட்டா?”

“வேணாம் மச்சான்.”

ஓமத்தண்ணியைக் குடித்தார்.

விமரிசனம் ஒரு சொல்லும் மாறாமல் வெளிவந்தது. பத்தியும் அவருக்கே கிடைத்தது. ‘ஒன்பதாம் சந்திரன்’ முடிந்தபோது அவர் கக்கூசில் இருந்தார்.