ஆணியில் தொங்கிய அட்டை

என் தம்பிக்குச் சுத்தம் என்றால் உயிர். சின்ன வயதில் அவனைக் குளிக்க வைக்கப் பின்னால் ஓடி எனக்கு மூச்சு வாங்கும். ஒரு தனியார் விளையாட்டு மைதானத்துக்கு மேற்பார்வையாளர் ஆனதும் ஞானம் பிறந்துவிட்டது. முதலாளி பார்க்க வருகிறார் என்று ஒருநாள் காலையில் மெஷின் ஷெட்டையே கழுவித் துடைத்தான். கழுவினதோடு விட்டிருக்கலாம். ஆணியில் தொங்கிய அட்டையையும் குப்பையில் போட்டான்.

அது என் வீட்டுக்காரருடைய அட்டை. அவர் அங்கே புல் வெட்டும் மெஷின்களுக்கு மெக்கானிக். நான் அதே மைதானத்து கேன்டீனில் வேலை பார்க்கிறேன். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய, எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டு, பார்த்தால் குப்பைதான். ஆனால் அந்த மெஷினில் பிளேடைத் தூக்குவதும் சுழற்றுவதும் எண்ணெயின் அழுத்தம்தான். ரப்பர் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் பீய்ச்சும். கை குறுக்கே போனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதனால் அவர் தள்ளி நின்று அட்டையைத்தான் நீட்டுவார். அட்டையில் எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. பிறகு இன்ஜினை அணைத்து, பிளேடைத் தரையில் இறக்கி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து, அழுத்தம் முழுக்கப் போன பிறகுதான் குழாயைத் தொடுவார். ஆவி அடங்கும் முன் குக்கர் மூடியில் கை வைத்தால் என்னைக்கூடத் திட்டுகிற ஆள்.

அன்று மெஷின் சூடான எண்ணெயைச் சிந்திக்கொண்டே போனதில் மைதானத்தின் நடுவே நீளமாக ஒரு கோடு கருகிவிட்டது. தம்பி ஷெட்டுக்கு ஓடி வந்தான். டீ கொடுக்கப் போன நான் அங்கேதான் நின்றேன்.

"இங்க மாட்டியிருந்த அட்டை எங்கடா?" என்றார் இவர்.

"அந்தக் குப்பையா? காலைலயே தூக்கிப் போட்டாச்சு. இந்தாங்க மாமா, துணி. தடவிப் பாருங்க, ஈரம் தெரிஞ்சிடும்."

"ஓடுற மெஷின்ல கைய விடக் கூடாது. வேற அட்டை கொண்டா."

"முதலாளி கேட்டுக்கே வந்துட்டார். என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க மாமா."

மச்சான் வேலை போய்விடும் என்றதும் மனுஷன் இளகிவிட்டார். வேறு எவனாவது சொல்லியிருந்தால் துணியை அவன் மூஞ்சியிலேயே எறிந்திருப்பார். என் தம்பியாகப் போய்விட்டான். துணியோடு கையை விட்டவர், 'ஸ்ஸ்' என்று வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"கொசு கடிச்சதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? முதலாளி போகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப போனா என்ன ஏதுன்னு கேப்பாரு."

"எண்ணெய் உள்ள போயிருந்தா என்னடா பண்றது?" என்று நான் கத்தினேன். "அக்கா, நீ சும்மா இரு," என்றான். ஊருக்கு வெளியே இருக்கிற இடம், கார் சாவி அவன் பையில்.

முதலாளி வந்தார். கருகிய கோட்டைக் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். "அடடா, இப்படி ஆயிடுச்சே," என்று உச்சுக்கொட்டினார். புல்லுக்கு! அத்தனை பேரும் புல்லைச் சுற்றி நிற்க, கேன்டீன் பெஞ்சில் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கண் முன்னாலேயே கை வீங்கியது. கார் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"உடனே வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஸ்பேனர் பிடிக்கிற கை அது.

தம்பி ஒரு பெட்டி ஆப்பிளோடு பார்க்க வந்தான். இவர் தூங்குகிறார் என்று நினைத்து என் காதோரம் வந்தான்.

"விசாரணைல கேட்டா, மாமா அவசரப்பட்டு அவராவே கைய விட்டாருன்னு சொல்லச் சொல்லுக்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் இவர் கண்ணைத் திறக்காமலே, "சரின்னு சொல்லு," என்றார். சொன்னபடியே விசாரணையிலும் சொன்னார். கவனக்குறைவு என்று இவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தம்பி வேலையில் இருக்கிறான்.

பிறகு ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, அந்த ஆப்பிள் பெட்டியைக் காலால் மிதித்துக்கொண்டு இடது கையால் கத்தரித்துக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக வந்தது.

"புதுசா ஒரு மெக்கானிக் வந்திருக்காராம். இத அந்த ஆணியில மாட்டிடு."

"உங்களுக்கு இன்னும் என்ன அக்கறை அங்க?"

"அவருக்கும் பத்து விரல்தானே," என்றார்.

ஷெட்டுக்குப் போனேன். அந்த ஆணியில் பளபளவென்று ஒரு போர்டு தொங்கியது. 'எண்ணெய்க் கசிவைக் கையால் தேடாதீர்கள். அட்டையைப் பயன்படுத்துங்கள்.' ஷெட் முழுக்கத் தேடியும் ஒரு துண்டு அட்டை இல்லை. அவ்வளவு சுத்தம்.

தம்பி உள்ளே வந்தான். "அதான் போர்டு இருக்குல்லக்கா? இத வேற எதுக்கு மாட்டுற, அசிங்கமா?"

போர்டின் மேலேயே மாட்டினேன்.

"இதத் தூக்கிப் போட்டுப் பாரு. அன்னிக்கோட உன் அக்கா செத்துட்டான்னு வச்சுக்கோ."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்த்தான். புல் திரும்ப முளைத்து, கோடு இருந்த இடமே தெரியவில்லை.