நீலப் பொட்டுத் தட்டுகள்

முதல் நீலப் பொட்டுத் தட்டு பதினொன்றரை மணிக்கு வந்தது. வழித்துக் கொட்டுவதற்கு முன்னால் டெய்லரம்மா அதை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். சோறு தீர்ந்திருந்தது. எலும்பில் ஒரு நார் கறி இல்லை. ஓரத்தில் வைத்திருந்த கருஞ்சிவப்புக் குழைசலில் மட்டும் ஒரு விரல் தடம். அதற்கு மேல் யாரும் தொடவில்லை.

உணவு விழாவில் காகிதத் தட்டுக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே எவர்சில்வர் தட்டு, அடையாளத்துக்கு விளிம்பில் கடைக்கொரு நிறத்தில் பெயிண்ட் பொட்டு, கழுவும் கூடாரத்துக்குக் கடைக்கு ஒருவர். நீலப் பொட்டு அவள் கணவருடைய கடை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், இந்த ஒரு நாளுக்காக ஆறு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார். இன்று அண்டா காலியானால் திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போடுவது என்று தீர்மானம். எழுதி முடித்த ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சோறும் கறியும் எவனும் போடுவான், குழைசல்தான் தன் மண்டையில் முளைத்தது என்பார். காய்ந்த பழத்தையும் கசப்புக் கீரையையும் இரண்டு நாள் ஊறவைத்து அரைப்பது. ஒவ்வொரு முறையும் அவளுக்குத்தான் முதல் வாய். அவளும் ஒவ்வொரு முறையும் "நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறாள். அவர்கள் வீட்டில் அந்தச் சொல் முடிவெட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் மழைக்கும் பொது. அதற்குள் என்ன இருக்கிறது என்று இருவருமே திறந்து பார்த்ததில்லை.

அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். மேடை தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது; ஆட்டமும் பாட்டும் காதுக்கு மட்டும்தான். ஆனால் ஒரு நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் அடங்கினால் தட்டுகள் அலையாக வந்து சேரும் என்பதை ஒரு மணிநேரத்தில் பிடித்துவிட்டாள். எந்தக் கடைத் தட்டில் குழந்தைகள் சாப்பிட்டார்கள், எதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து ஓடினார்கள் என்றெல்லாம் தெரிந்தது. தையலும் இதேதான். கண்ணாடி முன்னால் நின்று எல்லோரும் அழகா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து அக்குளில் பிரிந்து திரும்பி வரும் துணிதான் உள்ளதைச் சொல்லும்.

நீலப் பொட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு விரல் தடம், பாதி விரல் தடம், சோற்றைப் போட்டு மூடி மறைத்தது. பக்கத்தில் நின்று வழித்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரி, பேச ஆளில்லாவிட்டால் தட்டோடு பேசுகிறவள், கேட்டாள்.

"என்னக்கா, தட்டுல ஜாதகமா எழுதியிருக்கு?"

"ஆமா. என் வீட்டுக்காரரோடது."

பேக்கரிக்காரி சிரித்தாள். பிறகு நீலப் பொட்டைப் பார்த்தாள். சிரிப்பை விட்டுவிட்டுத் தன் தட்டை வழிக்கக் குனிந்தாள்.

நடுநடுவே ஒரு தட்டு வேறுமாதிரி வந்தது. குழைசலை வழித்து, தேய்த்து, நக்கியே எடுத்ததுபோல். கழுவாமலே அடுக்கலாம். பத்துக்கு ஒன்று இருக்கும். யார் இவர்கள்? வயசானவர்களா, காய்ச்சலில் நாக்குச் செத்தவர்களா? வாசலை எட்டிப் பார்ப்பாள். அதற்குள் தட்டை வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்திருப்பார்கள்.

நாலு மணிக்கு அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் கல்யாண வீடாக இருந்தது. வரிசை மேடைவரைக்கும் போயிற்றாம், வெங்காயம் வதக்கிய வாசனைக்கே பாதிப்பேர் வந்தார்களாம், பக்கத்துக் கடைக்காரன் வயிறெரிந்து நின்றானாம்.

"அண்டா காலி. வழிச்சுப் போட்டாச்சு. திங்கக்கிழமை கொடுத்துடறேன்."

அவர் பார்த்தது வாங்க நின்றவர்களை. அவள் வாய் 'நல்லாத்தான்' என்று தொடங்கப் போயிற்று. தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு கையுறையைக் கழற்றி நீட்டினாள்.

"என்னங்க, கடைசி ஈடு தட்டு இப்ப வரும். ஒரு பத்து நிமிஷம் என் இடத்துல நில்லுங்க."

முதல் நீலப் பொட்டைச் சீட்டியடித்தபடி வழித்துப் போட்டார். இரண்டாவதையும். மூன்றாவதில் சீட்டி நின்றது. நாலாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரி வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"காலையிலேர்ந்தேவா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

அவள் தனியாக எடுத்து வைத்திருந்த சில தட்டுகளைக் காட்டினாள். "பத்துக்கு ஒண்ணு இப்படி வருது. யாருன்னுதான் தெரியல. பிடிக்கணும்னு பாக்குறேன், முடியல."

அவர் ஒரு சுத்தமான தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். நாலாவது தட்டில் மிச்சமிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, யாரோ சமைத்ததுபோல் வெகுநேரம் யோசித்தார்.

"உனக்கு?" என்றார்.

"கசக்குதுங்க. முழுங்கின பிறகும் போகமாட்டேங்குது."

அவர் அந்தத் தட்டைத் தொட்டிக்குள் இறக்கினார். தார்ப்பாய்க்கு அப்பால் கைதட்டல் எழுந்து அடங்கியது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. அதற்குப் பின்னால், எந்த அவசரமும் இல்லாமல், தோளில் குடையை மாட்டிய ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கையில் நீலப் பொட்டுத் தட்டு. நடந்துகொண்டே அதில் விரலால் என்னவோ செய்துகொண்டிருந்தாள்; வழிக்கிறாளா, ஒதுக்குகிறாளா, இங்கிருந்து தட்டின் உள்பக்கம் தெரியவில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் இருவரும் ஒரே நேரத்தில் குதிகாலைத் தூக்கி எக்கினார்கள்.