இரவல் போன சிப்பிப் பெட்டகம்

அன்று நாப்லுஸ் காழியின் மன்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: காழி முர்தளா எஃபெண்டி, அவருடைய உதவியாளர் ஷெய்கு யூனுஸ், பதிவெழுதும் ஸிராஜுத்தீன், வழக்குத் தொடுத்தவரும் சாயக்காரர் அப்துல் கனியின் கைம்பெண்ணுமான ஹாஜா நபீஸா, வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய என் தங்கை வஜீஹாவின் சார்பில் அவள் கணவன் தஹ்ஸீன், சாட்சி சொல்ல வந்த சுமைக்காரன் ஹம்மாத், காலஞ்சென்ற ஹாஜி மஹ்பூஸின் மகன் நுஃமானாகிய நான். ஆக ஏழு பேர். இன்று நகரத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். இல்லை. ஹிஜ்ரி 1270, ஸஃபர் மாதம், திங்கட்கிழமை காலை. இந்த ஏழு பேருக்கு மேல் ஒருவரும் இல்லை.

வஜீஹா வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் மன்றத்துப் படி ஏறுவதில்லை.

வழக்கு ஒரு பெட்டகத்தைப் பற்றியது. அக்ரூட் மரம், முகப்பு முழுக்கச் சிப்பி பதித்தது, சுமந்து பழகாதவர்கள் என்றால் இரண்டு ஆள் தூக்கும் கனம். அது தன்னுடையது, திருப்பித் தர வேண்டும் என்றார் ஹாஜா நபீஸா. அது மனைவிக்கு வந்த சீர் என்றான் தஹ்ஸீன். அது நபீஸாவுடையதுதான் என்பது அந்த மன்றத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் நபீஸா. மற்றவன் நான்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஊரில் மணப்பெண்ணின் சீர் தெருவழியே ஊர்வலமாகப் போகும். மெத்தைகள், செம்புப் பாத்திரங்கள், கண்ணாடிகள், பெட்டகங்கள் எல்லாவற்றையும் மாடியிலிருந்து பெண்கள் எண்ணுவார்கள். தஹ்ஸீனின் அண்ணன் மனைவி இரண்டு பெட்டகங்களோடு வந்தவள். அந்த ஆண்டு எங்கள் ஒலிவ மரங்கள் காய்க்கவில்லை. எங்களால் ஒன்றுதான் செய்ய முடிந்தது. "மஹ்பூஸ் மகள் ஒத்தைப் பெட்டகத்தோட போகக் கூடாது" என்றார் என் தந்தை. பக்கத்து வீட்டு நபீஸாவிடம் கேட்டார். அவர் மறுபேச்சின்றிச் சரி என்றார். சந்தில் ஆள் நடமாட்டமில்லாத வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் தந்தையும் நானும் பின்வாசல் வழியாக அதை எடுத்து வந்தோம். அன்று நாங்கள் இருவரும் ஜும்ஆவைத் தவறவிட்டோம்.

இப்படி இரவல் வாங்குவது புதிதல்ல. பல வீடுகளில் நடந்ததுதான், வெளியே சொல்வதில்லை. ஏழாம் நாள் பெண்ணைப் பார்க்கப் போகும்போது, பூட்டு சரியில்லை, ஆசாரியிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பெட்டகத்தைத் திரும்ப வாங்கிக் கொள்வதாக ஏற்பாடு. ஐந்தாம் நாள் என் தந்தை இறந்துவிட்டார். துக்க வீட்டில் பெட்டகத்தைப் பற்றி யார் பேசுவது? அதற்குள் வஜீஹா தன் துணிமணிகளை அதில் அடுக்கிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள். தந்தை தனக்குத் தந்தது என்றே நம்பினாள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் நபீஸா என்னிடம் வந்து கேட்டார். நாளை என்றேன். அடுத்த அறுவடைக்கு முன்பு ஒரு முறை கேட்டார். நாளை என்றேன். பேத்திக்கு ரபீஉல் அவ்வல் மாதம் கல்யாணம், பெட்டகம் அவளோடு போக வேண்டும் என்று மூன்றாம் முறை வந்து நின்றார். அப்போதும் நாளை என்றேன். நான் பெட்டகத்தைத் திரும்பக் கேட்டால் வஜீஹா அந்த வீட்டில் சாகும்வரை இரவல் பெட்டிக்காரி. அந்தச் சொல் அவளோடு நிற்காது, எங்கள் வாசல்வரை வரும். பதினான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு அவர் காழியிடம் போனார்.

மன்றத்தில் முதலில் ஹம்மாதைக் கேட்டார்கள்.

"ஊர்வலத்துல அந்தப் பெட்டகம் போச்சா?" என்றார் காழி.

"என் முதுகுலதான் எஃபெண்டி போச்சு. இன்னிக்கும் மழை வந்தா இந்தக் கழுத்து சாட்சி சொல்லும்."

"உன் கழுத்தை நாங்க பதிவு பண்ண முடியாது. நீ சொல்லு."

"போச்சு, போச்சு. ஊரே பார்த்துச்சு."

"நானும்தான் பார்த்தேன்" என்றார் நபீஸா. "வாசல்ல நின்னு குலவை விட்டேன்."

தஹ்ஸீன் சிரித்துவிட்டான். "கேட்டீங்களா காழியாரே? அவங்க பெட்டகம் அடுத்த வீட்டுக்குப் போகுதாம், அதுக்கு அவங்களே குலவை விட்டாங்களாம்!"

"பின்ன என்னப்பா பண்ணச் சொல்றே? மணப்பொண்ணு போகையில குறுக்க விழுந்து, அய்யோ என் பெட்டின்னு கத்தச் சொல்றியா? உங்கம்மா அப்படித்தான் உன்னை வளர்த்தாளா?"

"ஹாஜா, இங்க அம்மாவை இழுக்காதீங்க" என்றார் காழி. "குடுக்கும்போது சாட்சி யாராவது இருந்தாங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பொருளைக் குடுக்கறதுக்கு ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அது குடுக்கறதா எஃபெண்டி? அதைவிட இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடலாம்."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"ஹாஜி மஹ்பூஸ்கிட்ட. அல்லாஹ் அவர் மண்ணைக் குளிர வைக்கட்டும்."

"அவர் இறந்துட்டார். வேற யாருக்காவது தெரியுமா?"

நபீஸா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "என் வார்த்தைதான் எஃபெண்டி. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் என் கை தயங்குகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்: நான் வாய் திறக்கவில்லை.

காழி வழக்கப்படி தீர்ப்புக்கு வழி சொன்னார். கேட்பவரிடம் சாட்சி இல்லை. பொருள் வஜீஹாவின் கையில் இருக்கிறது. ஆகவே இது தன்னுடையது, நபீஸாவுக்கு இதில் உரிமையில்லை என்று வஜீஹா அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பெட்டகம் அவளுக்கு. வெளியே வராத பெண் என்பதால் ஷெய்கு யூனுஸும் பதிவெழுதுபவரும் அவள் வீட்டுக்குப் போவார்கள். திரைக்குப் பின்னால் பேசுவது அவள்தான் என்று அடையாளம் சொல்ல உடன்பிறந்தவன் நான் கூடப் போக வேண்டும்.

தெருவில் நடக்கும்போது தஹ்ஸீன் என் தோளில் கை போட்டான். "கவலைப்படாதீங்க மச்சான். ரெண்டு வார்த்தை. முடிஞ்சுது. கிழவிக்கு வயசாச்சு, யார் பெட்டியோ நெனப்புல கெடக்கு."

அந்த இரண்டு வார்த்தையைத்தான் நான் நினைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டில் யாரும், உண்மைக்குக்கூட, மன்றத்தில் சத்தியம் செய்தது கிடையாது. என் பாட்டனார் ஒரு முறை தன் சொந்தக் குதிரையை விட்டுக்கொடுத்தாரே தவிர, அதற்காக அல்லாஹ்வின் பெயரை வாயில் எடுக்கவில்லை. இப்போது என் தங்கை பொய்க்கு அதைச் சொல்லப் போகிறாள். பொய் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான் அடையாளம் சொல்லப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வீட்டு முற்றத்தில் காப்பி வந்தது. நான் தொடவில்லை. உள்ளே திரை அசைந்தது.

"அண்ணே, வந்துட்டீங்களா? எளச்சுப் போயிருப்பீங்க, பதினஞ்சு நாளா இந்தப் பக்கமே காணோம்."

ஷெய்கு யூனுஸ் என்னைப் பார்த்தார். "இது ஹாஜி மஹ்பூஸ் மகள் வஜீஹாவோட குரல்தானா?"

"ஆமா."

"அம்மா வஜீஹா, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. வல்லாஹி…"

"வல்ல…"

"நில்லு வஜீஹா!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. முற்றத்தில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சத்தியம் பண்ணாதே. பெட்டகம் நம்முது இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க? வாப்பா குடுத்தது."

"வாப்பா இரவல் வாங்கினது. நபீஸா மாமிகிட்ட. தூக்கிட்டு வந்ததுல ஒரு பக்கம் நான் பிடிச்சேன்."

ஷெய்கு யூனுஸ் தாடியைத் தடவியபடி, ஊர் வழக்கப்படி என் மகனின் பெயரோடு சேர்த்து என்னை அழைத்தார். "அபூ மஹ்பூஸ், காலையில மன்றத்துல இருந்தீங்களே."

"இருந்தேன்."

"அப்போ தெரியாதா?"

"தெரியும்."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. "ஒருத்தர் சாட்சி போதாது. பொருள் அந்தம்மா கையில இருக்கு. சத்தியம் பண்றதும் விடறதும் அவங்க இஷ்டம்" என்றார்.

வஜீஹா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஷெய்கு அவர்களே, நான் சத்தியம் பண்ணல" என்றாள். "பெட்டகம் நபீஸா மாமியோடதுதான். நானே சொன்னேன்னு எழுதிக்குங்க. என் அண்ணன் சொன்னார்னு எழுத வேண்டாம்."

திரைக்குக் கீழே ஒரு கை சாவியைத் தரையில் வைத்துத் தள்ளியது.

"கொஞ்சம் நேரம் குடுங்க. துணியெல்லாம் எடுக்கணும்."

தஹ்ஸீன் என் முன்னால் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுல யாராவது ரெண்டு பெட்டகம் கேட்டாங்களா? நான் கேட்டேனா?"

"யாரும் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

"நாங்கதான் கேட்டுக்கிட்டோம். எங்க தப்பு."

"காலையில என்னை அந்தக் கிழவி முன்னால சிரிக்க வெச்சீங்களே மச்சான்!" அவன் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையைத் தூணில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனான். உள்ளே துணிகளை மடித்து வைக்கும் ஓசையும் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதும் கேட்டன. என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை; அவர்கள் சொன்னதும் இல்லை.

ஹம்மாதையே கூப்பிட்டு அனுப்பினேன். பின்சந்து வழியாகப் போகலாமா என்று கேட்டான். கூடாது, ஊர்வலம் வந்த தெருவழியே போக வேண்டும் என்றேன். அவன் பெட்டகத்தை முதுகில் ஏற்றிக்கொள்ள, நான் முன்னால் நடந்தேன். மாடிகளில் பெண்கள் வந்து நின்றார்கள். "என்ன அபூ மஹ்பூஸ், கல்யாணம் பின்னோக்கி நடக்குதா?" என்றான் எண்ணெய்க்கடை வாசலில் ஒருவன். நான் நிற்கவில்லை. ஹம்மாத் மட்டும், "வழி விடுங்கப்பா, கனம் உங்களுக்கா எனக்கா?" என்று கத்திக்கொண்டே வந்தான்.

நபீஸா கதவைத் திறந்தார். பெட்டகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். ஹம்மாத் போன பின் நான் கேட்டேன்: "மன்றத்துல என் பேரைச் சொல்லியிருக்கலாமே மாமி."

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

நான் சாவியைப் பெட்டகத்தின் மேல் வைத்தேன்.

"இல்லேன்னு சொல்லியிருப்பே. ஒரு பெட்டிக்காக உன்னை அந்தப் பொய்யில தள்ளணுமா? உன் வாப்பா என் பிள்ளைங்களுக்கு நோம்புக் கஞ்சி ஊத்தினவர். போ, போய் ஜும்ஆவுக்காவது ஒழுங்கா போ."

அடுத்த மாதம் அவருடைய பேத்தியின் சீர் தெருவில் போனபோது நான் என் வாசலில் நின்றேன். தலை குனியவில்லை. எங்கள் வீடு இரவல் வாங்கியது என்று அதன் பிறகு ஊரில் எல்லோருக்கும் தெரியும். பொய்ச் சத்தியம் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. தஹ்ஸீன் அன்றே தலாக் சொல்லி, பெட்டகத்தோடு வஜீஹாவையும் அனுப்பிவிட்டான் என்று சோப்புப் பட்டறைகளில் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். அந்த வாசலிலிருந்து அன்று வெளியே போனது பெட்டகம் மட்டுமே. வஜீஹா அதே வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தாள், நான்கு பிள்ளைகளைப் பெற்றாள், காலரா வந்த ஆண்டில் அங்கேயே இறந்தாள். அவள் ஜனாஸாவை முன்னால் தோள் கொடுத்துத் தூக்கியவன் தஹ்ஸீன்.