மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி

இராசேஸ்வரி கார்ப் பந்தயத்துக்குள் வந்தது ஒரு சண்டையால்தான். மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த அவருக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. எந்த ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று பதிவேட்டில் எழுதுவார். 1977இல் ஒரு சனிக்கிழமை, தம் பழைய காரைச் செந்தூலில் பக்கிரிசாமியின் பட்டறையில் விட்டார். "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்க்கா" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போன பக்கிரிசாமி வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"நாலு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிஷம்," என்றார் இராசேஸ்வரி. "ரயில் இப்பிடி ஓடினால் சனம் தண்டவாளத்தையே பிடுங்கிப்போடும்."

பக்கிரிசாமிக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதிரி ஒருவரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அவரும் மைத்துனர் விஜயனும் பத்து தீகா பந்தயத் திடலில், சாலையில் ஓடும் சாதாரணக் கார்களுக்கான பந்தயங்களில் கலந்துகொள்வார்கள். காரைத் தயார் செய்வது பக்கிரிசாமி, ஓட்டுவது விஜயன். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கத்தான் ஆளில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், கார் எதிரே வந்ததும் கைதட்டுவார்கள். கடிகாரத்தை அழுத்த மறந்துவிடுவார்கள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்டார்.

இராசேஸ்வரி குடையும் மடக்கு நாற்காலியுமாகப் போய் உட்கார்ந்தார். கைதட்டவில்லை. மாலையில் அவர் நீட்டிய தாளில் முப்பது சுற்றுக்கும் நேரம் இருந்தது. எட்டாவது வளைவில் விஜயன் ஒவ்வொரு தடவையும் அரை விநாடி விடுவதும் இருந்தது. விஜயன் அந்த அரை விநாடியைப் பிடித்தார். அடுத்த பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார்கள், பிறகு மூன்றாவது, 1983இல் சிறிய இயந்திரக் கார்களின் பிரிவில் முதலிடம். தமிழ்ப் பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது.

அந்தப் படத்தைக் கிள்ளானில் லோரி கம்பெனி நடத்திய தம்புசாமி பார்த்தார். அவர் அப்போது ஏழு சங்கங்களுக்குத் தலைவர். எட்டாவதுக்கு இடம் இருந்தது.

"இவ்வளவு திறமைய வச்சிக்கிட்டு பட்டறையில உக்காந்திருக்கீங்களே," என்று பக்கிரிசாமியின் தோளில் கை போட்டார். "நாம புரொஃபெஷனலா செய்வோம் லா."

புரொஃபெஷனல் என்பதன் பொருள் சில மாதங்களில் தெரிந்தது. 1984இல் 'கிள்ளான் பள்ளத்தாக்கு முன்னேற்ற மோட்டார் பந்தயப் பேரவை' பதிவு செய்யப்பட்டது. ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், மூன்று உதவித் தலைவர்கள், செயலாளர் ரெங்கசாமி, ஆறு ஆலோசகர்கள், பெட்ரோலுக்கு ஒரு துணைக்குழு. கார் பேரவையின் பெயருக்கு மாறியது. காரைத் தயார் செய்யும் பக்கிரிசாமிக்குச் செயலவை என்ற நிர்வாகக் குழுவில் கடைசி நாற்காலி. நேரம் பார்க்கும் இராசேஸ்வரிக்கு மகளிர் பிரிவு. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். சம்பளத்துக்கு ஓட்டுபவர் என்பதால் விஜயனுக்குக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது.

பேரவைக்காரர்கள் சட்டைக்கு மேல் போட இருபத்தாறு ஜாக்கெட் தைத்தார்கள். பக்கிரிசாமியின் அளவு மட்டும் விட்டுப்போயிற்று. பொற்கிளி மார்க் மசாலாத்தூள் முதலாளி ஆதரவு கொடுத்தார். கிளியின் படத்தை முன் கண்ணாடியில் எவ்வளவு பெரிதாக ஒட்டினார்கள் என்றால், விஜயன் அதன் இரண்டு கால்களுக்கு நடுவில்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"பாதை தெரியுதா தம்பி?" என்று கேட்டார் இராசேஸ்வரி.

"நேரா போனா தெரியுதுக்கா. வளைவுலதான் கிளி மறைக்குது."

1986 அக்டோபரில் நான்கு மணி நேரப் பந்தயம் வந்தது. பேரவை அதுவரை நடத்திய விருந்துகளுக்கெல்லாம் அதுதான் காரணம். பாதி வழியில் டயர் மாற்றவும் பெட்ரோல் ஊற்றவும் கார் பிட்டுக்கு, அதாவது திடலோரம் ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கிய இடத்துக்கு, வந்து நிற்க வேண்டும். பக்கிரிசாமியும் பட்டறை ஆட்கள் நால்வரும் மூன்று மாதம் பழகி, அந்த வேலையை நாற்பத்தெட்டு விநாடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் முடிந்தபோது விஜயன் இரண்டாவது இடத்தில் இருந்தார். முன்னால் போன காருக்கும் அவருக்கும் இடைவெளி இருபது விநாடி. அவர் பிட்டுக்குள் திரும்பினார். இராசேஸ்வரி கடிகாரத்தை அழுத்தினார்.

கார் நின்ற இடத்தில் பக்கிரிசாமிக்கு முன்னால் தம்புசாமி நின்றார். பக்கத்தில் மசாலாத்தூள் முதலாளி, கையில் ரோஜா மாலை. பின்னால் பதினேழு ஜாக்கெட்டுகள்.

"அண்ணே, தள்ளுங்கண்ணே! டயர்!" என்று பக்கிரிசாமி கத்தினார்.

"ஒரே ஒரு ஃபோட்டோ லா."

ஜன்னல் வழியாக விஜயனின் கழுத்தில் மாலை விழுந்தது. தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்று படம் பிடிப்பவர் சொன்னார். தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

"தலைவரே, ரேஸ் ஓடிக்கிட்டு இருக்கு!" என்றார் விஜயன்.

"ஓடட்டும் தம்பி, எங்க போயிரப் போவுது? முதலாளி ரெண்டு வார்த்தை பேசட்டும்."

முதலாளி பேசினார். தமிழன் எந்தத் துறையிலும் சளைத்தவனல்ல என்று தொடங்கி, மல்லித்தூளின் தரத்துக்கு வந்து முடித்தார். பிறகு காரின் மூக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜாக்கெட்டுகளின் கால்களுக்கு இடையே தவழ்ந்துபோய்ப் பட்டறை ஆட்கள் டயரை மாற்றினார்கள். கார் புறப்பட்டபோது இராசேஸ்வரியின் கடிகாரத்தில் மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. விஜயன் கழுத்து மாலையோடு இரண்டு மணி நேரம் ஓட்டி ஒன்பதாவதாக வந்தார்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானில் ஓர் உணவகத்தின் மாடியில் செயலவை கூடியது. ரெங்கசாமி அறிக்கை வாசித்தார். பிட்டில் நின்ற நேரம் நாற்பத்திரண்டு விநாடி என்று வந்ததும் இராசேஸ்வரி எழுந்தார்.

"மூண்டு நிமிஷத்தை விட்டிட்டீங்கள்."

"விடலீங்கம்மா, எடுத்திட்டோம்," என்றார் ரெங்கசாமி பணிவாக. "மலேசியாவுல யாரு பார்த்தாலும் நமக்குத்தானே கேவலம்."

"உங்க கடிகாரம் ஸ்லோவா இருக்கும்," என்றார் தம்புசாமி.

"கடிகாரம் மெதுவா ஓடினால் நேரம் குறைச்சலாத்தானே காட்டும்? கூடக் காட்டுமோ?"

நேரத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நாற்பத்திரண்டு விநாடிக்கு ஆதரவாகப் பத்தொன்பது, எதிராக இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

இராசேஸ்வரி இதோடு முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. பிட்டில் நேரம் போகவில்லை என்றால் ஒன்பதாவது இடத்துக்கு வேறு காரணம் வேண்டுமே. அடுத்த தீர்மானம் அதைக் கண்டுபிடித்தது. ஓட்டுநரின் மெத்தனம். விஜயனை நீக்க வேண்டும்.

விஜயன் மாடிப்படியில் காத்திருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. கதவு வழியாக எல்லாம் கேட்டிருக்கும். இருபது வருட வேலையில் இராசேஸ்வரி எந்த ரயிலுக்கும் ஒரு நிமிடம் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. யாரோ எழுதிய பொய் நேரத்துக்காக ஓட்டுநர் தண்டனை வாங்குவதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இதில நான் கையெழுத்துப் போட மாட்டன்," என்றார். "மகளிர் பிரிவு கலைஞ்சு போச்சுது எண்டு எழுதிக்கொள்ளுங்கோ."

அவர் படியிறங்கியபோது பின்னாலேயே பக்கிரிசாமியும் வந்தார். கார் பேரவையினுடையது, அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. மூன்று பேரும் கீழே காப்பி குடித்தார்கள்.

"டெங்கில் ஊர்ல என் கூட்டாளி கொட்டாயில ஒரு இடிபட்ட கார் கிடக்கு," என்றார் பக்கிரிசாமி கடைசியில். "பாடி நல்லாத்தான் இருக்கு."

பதினொரு மாதம் ஆயிற்று. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் கொட்டகையில் ஞாயிறுதோறும் வேலை நடந்தது. இராசேஸ்வரி பால்டின்னில் இருந்து திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். காருக்கு வெள்ளைச் சாயம் பூசினார்கள். யாருடைய கிளியும் ஒட்டவில்லை.

1987ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குப் பேரவை இரண்டு பேருந்து நிறைய ஆதரவாளர்களோடு வந்தது. புதிய ஓட்டுநர், புதிய ஜாக்கெட். உறுமி மேளம் முழங்கக் கார் புறப்பட்டு, ஒன்பதாவது சுற்றில் சத்தமில்லாமல் ஓரத்தில் நின்றது. பெட்ரோல் இல்லை. பெட்ரோல் துணைக்குழுவின் தலைவர் பிரமுகர்களோடு காலை உணவில் இருந்தார். அவர் இல்லாமல் மூடியைத் திறக்க மற்றவர்களுக்கு அதிகாரம் இல்லை.

வெள்ளைக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. பிட்டில் ஐம்பத்தொரு விநாடி நின்றது. நான்கு மணி நேர முடிவில் மொத்தத்தில் ஐந்தாவது, சிறிய கார்ப் பிரிவில் முதலாவது. இராசேஸ்வரி கடைசிச் சுற்றையும் எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடி, பத்து வருடத்தில் முதல் தடவையாகக் கைதட்டினார்.

பரிசு கொடுக்க மேடையேறியவர் சிறப்புப் பிரமுகர் தம்புசாமி. கோப்பையை விஜயன் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் விடவில்லை. ஒலிபெருக்கியில், "இந்தத் தம்பிய உருவாக்கினது நம்ம பேரவை!" என்று அறிவித்தார். இரண்டு பேருந்து ஆட்களும் ஆரவாரித்தார்கள். விஜயன் சற்று பலமாக இழுத்த பிறகுதான் கோப்பை அவர் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு பேரவை எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. ஆனால் விருந்துகள் குறையவில்லை. 1994இல் அதன் பத்தாம் ஆண்டு நிறைவு மலர் ஒன்று இராசேஸ்வரிக்குத் தபாலில் வந்தது. இருநூறு பக்கம். வாழ்த்துச் செய்திகள் மட்டும் அறுபது. பேரவையின் வரலாறு என்ற கட்டுரையில், டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்றுவிட்ட தம்புசாமியின் முப்பத்தோரு படங்கள் இருந்தன. காரின் படம் ஒன்றுதான். அதிலும் காருக்கு முன்னால் செயலவை நின்றதால், ஒரு பக்கத்து டயர் மட்டும் தெரிந்தது.

இராசேஸ்வரி ஓய்வு பெற்றிருந்தார். மலரைப் படிக்க உட்கார்ந்தார், பிழை திருத்துவது போலப் பென்சிலும் கையுமாக. திருத்தி முடியாது என்று ஆறாவது பக்கத்தோடு பென்சிலை வைத்துவிட்டார். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பக்கிரிசாமி புதிய இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, ரெடியா? லேட்டாயிருச்சு லா!"

"ஆருக்கு? நீங்கதான் பன்னிரண்டு நிமிஷம் பிந்தி வந்திட்டீங்கள்," என்று சொல்லிக்கொண்டே இராசேஸ்வரி கடிகாரத்தோடு செருப்பை மாட்டினார்.