கல்பாக்கை வீசச் சொன்னவள்

நான்கு நாடுகள் ஆடிய அந்த ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு என்னை அறிவிப்பாளராகப் போட்டதற்குக் காரணம் என் குரலினிமை இல்லை. எங்கள் பிஷ்கெக் ஐஸ் அரங்கின் மைக் பாதி நேரம் வேலை செய்யாது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்துகிறவள் நான் ஒருத்திதான். கிர்கிஸ் அணியில் ஆடும் உர்மத் என் புருஷன். கத்திப் பழகியது அவனிடம்தான்.

கடைசி நாள் எங்களுக்கும் மங்கோலியாவுக்கும் ஆட்டம். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு கல்பாக் தெரிந்தது. அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பி அரங்கில் நூறு பேர் தலையில் இருந்தது. ஆனால் அதை அவ்வளவு விறைப்பாக வைத்துக்கொண்டு நடப்பவர் என் அப்பா ஷெர்காஸி மட்டும்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், அப்பா எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நரின் பக்கம் கோக்-பொரு ஆட்டத்தில் குதிரை மேலிருந்தே ஆட்டுடலைப் பிடுங்கிவந்து பெயர் வாங்கியவர் அவர். அவர் மகள் குதிரை ஏறத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை, 'சறுக்குறவன்' என்பார்.

"என்னப்பா, சொல்லாம கொள்ளாம?"

"பல்லு பிடுங்க வந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருக்கு, எட்டிப் பார்த்தேன்."

"முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்கப்பா. பெஷ்பர்மாக் பண்ணி வெச்சிருக்கேன்."

"பல்லு போனவன் கறியை என்ன பண்றது? அஞ்சு மணி பஸ்ல போயிடுவேன். சறுக்குறவன் எத்தனை தடவ விழுறான்னு மட்டும் பார்த்துட்டுப் போறேன்."

மைக்கைப் பிடித்தேன்.

உர்மத் அன்று விழவேயில்லை. அவன் போட்ட முதல் கோலுக்கு அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார். இரண்டாவதுக்குப் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். இரண்டுக்கு இரண்டு என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், நாலு நிமிடம் மிச்சமிருக்கும்போது உர்மத் மூன்றாவதையும் போட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி நடத்துபவர்கள் கொடுத்திருந்த ரஷ்ய மொழித் தாளில், ஒரே ஆள் மூன்று கோல் போட்டால் ரசிகர்களைத் தொப்பி வீசச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஹாக்கி ஆடும் நாடுகளில் அப்படித்தானாம். எங்கள் மொழியில் மாற்றிக் கத்தினேன்.

"எல்லாரும் கல்பாக்கைக் கழட்டி ஐஸ் மேல வீசுங்க!"

அன்றைக்கென்று பார்த்து மைக் நன்றாக வேலை செய்தது. அரங்கமே அடங்கிப்போனது. கல்பாக்கைத் தரையில் வைத்தாலே வீட்டில் அடி விழும். நான் வீசச் சொல்லிவிட்டேன்.

"யாரு பெத்த பொண்ணுடா இது?" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"நான்தான்யா பெத்தேன்!" என்று அப்பா எழுந்தார்.

நேராக வாசலுக்குத்தான் போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கீழே இறங்கினார். தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு பூட்ஸ் காலோடு ஐஸில் ஏறினார். இரண்டாவது அடியில் கால் வழுக்கியது. ஒரு பக்கம் உர்மத் பிடித்தான், மறுபக்கம் மங்கோலிய அணித் தலைவன் எர்தெனே பிடித்தான். வெளிநாட்டு நடுவர் விசிலை ஊதிக்கொண்டு, ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்கு எங்களுக்குத் தண்டனை தர வந்தார்.

"விடுங்க சார், எங்க ஊர்லயும் தொப்பியைத் தரையில போட மாட்டோம். பெரியவர் வந்த வேலையை முடிக்கட்டும்," என்றான் எர்தெனே ரஷ்ய மொழியில்.

அப்பா உர்மத்தின் ஹெல்மெட்டைக் கழற்றினார். தன் கல்பாக்கை எடுத்து அந்த வியர்வைத் தலையில் வைத்தார்.

"நாங்க வீச மாட்டோம். வெப்போம்," என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மைக்கை அணைத்துவிட்டு அழுதேன்.

ஹெல்மெட்டைத் திரும்பப் போட்டு உர்மத் ஆடப் போனதும் கல்பாக் பயிற்சியாளர் கைக்கு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனிதர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். கை காட்ட முடியாமல் தலையை ஆட்டியே ஆட்டக்காரர்களை மாற்றப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை, மங்கோலியா மூன்றாவதைப் போட்டது. பெனால்ட்டியில் நாங்கள் தோற்றோம்.

"மூணு போட்டான்ல? மிச்சத்தை மத்தவனுங்க போட்டிருக்கணும்," என்றார் அப்பா.

வெளியே குளிர்காற்று. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்பா வெறுந்தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இப்படியே ஊர்ல போய் இறங்கினா என்ன கேப்பானுங்க?"

உர்மத் கல்பாக்கை நீட்டினான்.

"குடுத்ததைத் திரும்ப வாங்குற ஆளா நான்?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

உர்மத் தன் ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டினான். அப்பா விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு. வீடு எவ்வளவு தூரம்?"

ஹெல்மெட்டோடுதான் எங்கள் வாசலை மிதித்தார், ஹெல்மெட்டோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். பெஷ்பர்மாக்குக்குக் கறியை அரிவது எங்கள் வழக்கப்படி வீட்டின் இளைய ஆம்பளை வேலை. அப்பா கத்தியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

"உர்மத், நல்லாப் பொடிசா அரி. பல்லு வலிக்குது."