பெரியண்ணன் மறித்த ரயில்

பெரம்பலூர் ரயில் கோரிக்கைக் குழு அச்சடித்த துண்டறிக்கையை அரியமுத்து நின்றபடியே படிக்கத் தொடங்கினார். எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் சாய்ந்து உட்காராத மனிதர். இரண்டாவது பத்தி முடிவதற்குள் உட்கார இடம் தேட வேண்டியதாகிவிட்டது.

'எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் வழியாக வரவிருந்த ரயில் பாதையை, நிலம் தர மறுத்து அரியலூர்ப் பக்கம் திருப்பிவிட்டவர் பண்ணையார் பெரியண்ணன். அவர் ஒருவருடைய பிடிவாதத்தால் மாவட்டத் தலைநகரே இன்றுவரை ரயில் இல்லாமல் கிடக்கிறது.'

பெரியண்ணன் அவருடைய தகப்பனார்.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். அரியலூர் வழியாகப் போகும் மீட்டர் பாதையைப் பெயர்த்து அகலப்பாதை ஆக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இப்போதே கேட்டு வைத்தால் ஒரு கிளைப்பாதையாவது கிடைக்கும் என்று பெரம்பலூர்க் கடைக்காரர்கள் உரக்கடை கொளஞ்சியப்பன் தலைமையில் குழு அமைத்திருந்தார்கள். ஞாயிறு கூட்டம். திங்கள் காலை அந்த அறிக்கை மனுவோடு சேர்ந்து கலெக்டர் கைக்குப் போய்விடும். அதற்குள் தகப்பனார் பெயரை அதிலிருந்து நீக்க வைத்தாக வேண்டும்.

"கொளஞ்சியப்பன் என்கிட்ட எட்டாவது படிச்சவன். அவனுக்கு இவ்வளவு துணிச்சலா?" என்றார் மனைவியிடம்.

அம்மாக்கண்ணு முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது யாருங்க? என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அந்தக் கதையைத்தானே அவுத்துவுட்டீங்க."

கதை இதுதான்: தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெள்ளைக்கார இன்ஜினியர் வாசலில் நின்றான், பெரியண்ணன் கால் மேல் போட்ட காலை எடுக்காமல், "என் கொல்லைல புகை வுடாத, போ" என்றார், அவனும் போய்விட்டான். கல்யாணப் பந்தியிலும் பஞ்சாயத்திலும் இதைச் சொல்லாமல் அந்த வீட்டார் எழுந்ததில்லை. அரியமுத்து முப்பது வருடம் வகுப்பிலும் சொன்னார்.

அவர் சரித்திர வாத்தியார். நாற்பது வயதில் திருச்சியில் சோவியத் புத்தகக் கண்காட்சிக்குப் போய், ரஷ்ய ரயில் வரலாறு ஒன்றை வாங்கி வந்தார். அன்று பிடித்த பைத்தியம் விடவேயில்லை. அன்றைய தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜார் அரண்மனைக்கு முதல் பாதை போட்ட கம்பெனி, நாலு பாதை போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டோடு நின்றுபோன பெரிய கம்பெனி என்று ஒன்று விடாமல் பதினோரு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். பாதை தொடாமல் போன ஊர்களைப் பற்றி எழுதும்போதுதான் அவருக்குத் தகப்பனார் கதை மேல் சந்தேகம் வந்தது. அங்கேயும் ஒவ்வொரு ஊரும் ஒரு கதை வைத்திருந்தது. எங்கள் பெரியவர்கள் கைக்கூலி கொடுக்க மறுத்தார்கள், அதனால் ரயில் திரும்பிப் போய்விட்டது என்று.

அன்று சாயங்காலம் மேப்பை விரித்து, விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். பென்சில் அரியலூரை உரசிக்கொண்டு போனது. பெரம்பலூர் எங்கோ மேற்கே தள்ளிக் கிடந்தது. நேர்வழியை விட்டு எந்தக் கம்பெனிக்காரனும் இங்கே வந்திருக்க மாட்டான். மேப்பை மடித்து வைத்தார். மறுநாள் வகுப்பில், தொப்பியைக் கழற்றிய வெள்ளைக்காரன் வழக்கம்போல வாசலில் வந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பனின் உரக்கடை மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். அரியமுத்து மூன்றாவது நோட்டை மார்போடு அணைத்தபடி எழுந்தார்.

"ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தொண்ணுல பீட்டர்ஸ்பர்க்குலேருந்து மாஸ்கோவுக்குப் பாதை தொறந்தாங்க. நடுவுல நோவ்கொரோத், பழைய பெரிய பட்டணம். அது வழியா போகணும்னு வாதாடினவங்க உண்டு. ஆனா நேரா போட்டுட்டாங்க. இருபது வருஷம் கழிச்சுத்தான் ஒரு தனிக் கம்பெனி அந்த ஊருக்குக் கிளைப்பாதை போட்டுச்சு. அதுவும் அகலம் குறைஞ்ச சின்னப் பாதை. யாரும் மறிச்சு அந்த ஊரு ரயிலை இழக்கல. நம்ம ஊரும் அப்படித்தான்."

"அரியலூருக்கு வழி கேட்டா, சார் ரஷ்யாவுக்கு டிக்கெட் கிழிக்கிறாரு," என்றான் லாரி வைத்திருக்கும் குருநாதன். மாடி சிரித்தது.

கொளஞ்சியப்பன் கையை உயர்த்தி அடக்கினான். "சார், நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அப்ப வெள்ளைக்காரன் வரலீங்களா?"

நாற்பது முகங்களும் அவரைப் பார்த்தன. பாதிப் பேர் அவர் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து வாய் பிளந்து அந்தக் கதையைக் கேட்டவர்கள்.

"வரல."

"தொப்பி?"

"தொப்பியும் இல்ல. யாருமே வரல. எங்க வூட்டுப் பெருமைக்குச் சொன்னது."

வாழ்நாளில் யார் முன்னும் தாழாத தலை தாழ்ந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"வுடுங்க சார்," என்றான் கொளஞ்சியப்பன், மிகவும் இதமாக. "பெத்தவர் பேரு கெடக் கூடாதுன்னு இப்ப மாத்திச் சொல்றீங்க. எங்களுக்குப் புரியாதா? நானா இருந்தாலும் அதான் செய்வேன்."

"நான் சொல்றது நெசம்டா."

"நெசமாவே இருக்கட்டும். நம்மகிட்ட வர வேண்டியது கை தப்பிப் போச்சுன்னாத்தான் சார் உரிமையோட கேக்க முடியும். எப்பவுமே வரதா இல்லன்னு எழுதிக் குடுத்தா, மனு வாங்குறவரு நம்மளப் பார்த்துக் கேலி பண்ண மாட்டாரா?"

அரியமுத்துவிடம் பதினோரு நோட்டு இருந்தது. இதற்கு ஒரு வரி இல்லை.

மனுவை அவர் முன் விரித்தார்கள். "மொதக் கையெழுத்து நீங்கதான் சார். பெரியவர் புள்ளையே வந்து கேட்டா அதுக்கு ஒரு மதிப்பு."

"போட மாட்டேன்."

பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "அப்பன் மாதிரியே இவரும் மறிக்கிறாரு."

அவர் பேனாவை வாங்கினார். தகப்பன் பெயரின் முதல் எழுத்து இல்லாமல் அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. 'பெ.' என்று எழுதிப் புள்ளி வைத்தார். அங்கேயே பேனாவை நிறுத்தினார்.

தோளுக்குப் பின்னாலிருந்து குருநாதன் எட்டிப் பார்த்தான். "இந்தப் 'பெ' தானுங்களா அந்தப் பெரியண்ணன்?"

"ஆமாம்," என்று சொல்லிவிட்டு, மீதிப் பெயரை எழுதினார்.